வீட்டுக் கணினியும் நிரல் எழுதும் உரிமையும்

1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் ஒரே விதமாகவே விழித்தெழுந்தன. மின்சாரம் பாய்ந்ததும் திரையில் ஒரு நிரல்மொழி வந்து நின்றது. 1982-இல் வெளிவந்த காமடோர் 64, பேசிக் மொழிக்கு 38911 பைட்டுகள் மீதம் இருப்பதாக நீலத் திரையின் மேற்புறத்தில் கணக்குச் சொல்லிவிட்டு, ‘ரெடி’ என்று எழுதி, அதன் கீழே ஒரு சிறு கட்டத்தை மின்னவிட்டுக் காத்திருக்கும். நாடாவிலோ வட்டிலோ வாங்கிய விளையாட்டை ஏற்றுவதற்கும் அந்த இடத்தில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். விளையாடுவதற்காக மட்டுமே கணினி கேட்டு அடம்பிடித்த பிள்ளையும் முதல் நாளிலேயே ஒரு நிரல்மொழியின் வாசலில் போய் நின்றது.

இன்றைய நடுத்தரக் கைப்பேசி ஒன்றில் காமடோர் 64-இல் இருந்ததைப் போல ஒரு லட்சம் மடங்கு நினைவகம் இருக்கிறது. அதைத் திறந்தால் செயலிகளின் படங்கள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றுள் ஒன்றைத் தொடலாம், புதிதாக ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். அந்தக் கைப்பேசிக்கென்று தானே ஒரு செயலியை எழுத விரும்புபவருக்குப் பொதுவாக இன்னொரு கணினி வேண்டும், நிறுவனத்திடம் பதிவு வேண்டும், சில நிறுவனங்களுக்கு ஆண்டுதோறும் கட்டணமும் கட்ட வேண்டும்.

பயன்படுத்துவோர், எழுதுவோர் எனக் கணினி உலகம் இரண்டாகப் பிரிந்தது தொழில்நுட்ப வளர்ச்சியின் தவிர்க்க முடியாத விளைவு என்றே பலரும் எண்ணுகிறார்கள். கடந்த நாற்பது ஆண்டு வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. அந்தத் தூரம் கூடிய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறுவனம் எடுத்த முடிவு இருக்கிறது, அந்த முடிவுக்கு விலையோ வியாபாரமோ பாதுகாப்போ காரணமாக இருக்கிறது. சில முடிவுகள் பிற்காலத்தில் மாற்றவும் பட்டன. இவற்றின் நடுவே, யாரும் திட்டமிட்டு வைக்காத தடை ஒன்றும் உண்டு. அது மனித மொழி. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான், தமிழில் கற்போரை மிக அதிகமாக வாட்டுவதும் அதுதான்.

பேசிக் குடியிருந்த இயந்திரங்கள்

பேசிக் மொழி 1964-ஆம் ஆண்டு மே 1 அன்று அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் முதன்முதலாக இயங்கியது. அதை வடிவமைத்த ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் கணிதப் பேராசிரியர்கள். அறிவியல் பயிலாத மாணவர்களும் கணினியைத் தாங்களே இயக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அன்றைய வழக்கப்படி நிரலைத் துளை அட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு விடைக்காகக் காத்திருக்க வேண்டும். டார்ட்மத்தில் பல முனையங்கள் ஒரே கணினியின் நேரத்தைப் பகிர்ந்துகொண்டன. எழுதியவர் அங்கேயே ஓட்டிப் பார்த்து, பிழையைக் கண்டு, திருத்தி, மறுபடியும் ஓட்டலாம். பேசிக்கின் எளிய கட்டளைகளைவிட இந்த உடனடிப் பதில்தான் கற்றலுக்குப் பெரிய துணை செய்தது.

1977-இல் ஆப்பிள் 2, காமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் சந்தைக்கு வந்தபோது பேசிக் அவற்றின் நிலை நினைவகத்திலேயே பதிக்கப்பட்டிருந்தது. ஆப்பிள் 2-இன் முதல் பேசிக்கை ஸ்டீவ் வாஸ்னியாக் எழுதினார். பிரிட்டனில் சிங்க்ளேர் நிறுவனம் விலையை யாரும் நினைத்துப் பாராத அளவுக்கு இறக்கியது. 1981-இல் வந்த இசட்எக்ஸ்81 தயார் நிலையில் 69.95 பவுண்டு, நினைவகம் ஒரே ஒரு கிலோபைட். அடுத்த ஆண்டு வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 16 கிலோபைட்டுக்கு 125 பவுண்டு. அதன் ரப்பர் எழுத்து விசைகள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பேசிக் கட்டளை அச்சிடப்பட்டிருந்தது. ஒரே அழுத்தில் முழுக் கட்டளையும் திரைக்கு வந்துவிடும். நினைவகத்தைச் சிக்கனப்படுத்தச் செய்த இந்த ஏற்பாடு, ஆங்கிலம் அறியாத பிள்ளைகளுக்குக் கட்டளையை எழுத்துக் கூட்டும் சுமையையும் குறைத்தது. பிற்காலத்தில் சோவியத் நாட்டில் லெனின்கிராட், பென்டகன் என்ற பெயர்களில் ஸ்பெக்ட்ரமின் நகல்கள் வீடுகளுக்குள் புகுந்தன. ஆங்கிலம் பேசாத ஒரு தலைமுறை அவற்றில் நிரல் எழுதப் பழகியது.

அக்காலக் கணினி இதழ்கள் முழு நிரல்களையும் அச்சிட்டு வெளியிட்டன. வாசகர்கள் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். ஓர் எண் தவறினாலும் நிரல் ஓடாது. எனவே அமெரிக்காவின் ‘கம்ப்யூட்!’ இதழ் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்பு எண் தந்து, பிழையை அந்த வரியிலேயே பிடிக்கும் சிறு நிரலையும் கொடுத்தது. இந்த உழைப்பில் ஒரு பெரும் பயன் இருந்தது. விளையாட்டு எதனால் ஆனது என்பது விளையாடுபவரின் விரல் வழியாகவே போயிற்று. உயிர்களின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து முப்பதாக மாற்றிப் பார்த்த சிறுவன், மாறி என்பது என்ன என்று யாரும் சொல்லித் தராமலே அறிந்துகொண்டான்.

எல்லாம் செம்மையாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. காமடோர் 64-இன் ஒலிச் சில்லும் படச் சில்லும் அன்றைய வீட்டுக் கணினிகளில் தலைசிறந்தவை. ஆனால் அதிலிருந்த பேசிக்கில் படம் வரையவோ ஒலி எழுப்பவோ கட்டளையே கிடையாது. நினைவக முகவரிகளில் எண்களை நேரடியாகப் போட்டால்தான் காரியம் நடக்கும். கற்கத் தொடங்கியவருக்கு அந்த எண்கள் மந்திரம் போலவே தெரிந்தன. இதற்கு நேர்மாறான வழியில் போனது பிபிசி மைக்ரோ. பிரிட்டனின் ஒலிபரப்புக் கழகம் பொதுமக்களுக்குக் கணினி அறிவு ஊட்ட ஒரு தொலைக்காட்சித் தொடரைத் திட்டமிட்டு, அதற்கேற்ற கணினியை எப்படிச் செய்ய வேண்டும் என்ற வரையறையையும் தானே முன்வைத்தது. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் அதைச் செய்து கொடுத்தது. அதன் பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன், பெயரிட்ட செயற்கூறுகளையும் அவற்றுக்குள்ளேயே அடங்கும் மாறிகளையும் அதில் சேர்த்தார். இயந்திர மொழியையும் அதே நிரலுக்குள் எழுதலாம். எளியதில் தொடங்கி இயந்திரத்தின் அடிவரை இறங்கிப் போக ஒரே படிக்கட்டு இருந்தது. அந்தக் காலத்துக் கணினிகளுள் கல்விக்கு மிகவும் ஏற்றது இதுவே.

பிபிசி மைக்ரோ இந்தியாவுக்கும் வந்தது. நடுவண் அரசு 1984-85-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தில், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு இந்தக் கணினியே கொடுக்கப்பட்டது. இந்தியப் பள்ளிகள் பலவற்றில் மாணவர்கள் தொட்ட முதல் கணினி அது.

விளையாட்டுக் கருவியும் பூட்டும்

வீட்டுக்குள் நுழைந்த இன்னொரு கணினிக்குக் கணினி என்ற பெயரே வைக்கப்படவில்லை. 1977-இல் வந்த அடாரி 2600, 128 பைட் நினைவகம் கொண்ட முழுமையான கணினிதான். விசைப்பலகையும் நிரல்மொழியும் இல்லாமல், கார்ட்ரிட்ஜ் செருகும் துளையோடு விற்கப்பட்டதால் விளையாட்டுக் கருவி ஆயிற்று. அதற்கு விளையாட்டு எழுதும் உரிமை தன்னிடம் மட்டுமே உண்டு என்று அடாரி எண்ணியது. ஆனால் அங்கே பணியாற்றிய நிரலாளர்கள் சிலர், தங்கள் பெயர்கூட அட்டையில் வராத மனக்குறையோடு வெளியேறி, 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கருவியைச் செய்யாத ஒரு நிறுவனம் அதற்கு விளையாட்டு எழுதி விற்றது அதுவே முதல் முறை. அடாரி வழக்குத் தொடுத்தது. கடைசியில் உரிமத்தொகை பெற்றுக்கொண்டு சமரசம் ஆனது. கதவு திறந்ததும் எவரும் எழுதி விற்கலாம் என்றாயிற்று. தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் குவிந்தன. 1983-இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத கார்ட்ரிட்ஜ்களை அடாரி நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தது. 2014-இல் அந்த இடம் தோண்டப்பட்டபோது அவை வெளிவந்தன.

அந்தச் சரிவுக்குத் திறந்த கதவு மட்டும் காரணம் இல்லை. அளவுக்கு மீறிய உற்பத்தியும் மலிவான வீட்டுக் கணினிகளின் போட்டியும் சேர்ந்தே சந்தையைக் கவிழ்த்தன. ஆனால் தொழிலுலகம் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே: கதவைப் பூட்ட வேண்டும். நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தபோது அதில் பூட்டுச் சில்லு இல்லை. அடுத்த ஆண்டு அதற்கென விசைப்பலகையோடு ‘ஃபேமிலி பேசிக்’ என்ற கார்ட்ரிட்ஜும் விற்கப்பட்டது. ஜப்பானியச் சிறுவர்கள் மாரியோவின் உருவத்தை வைத்துத் தாங்களே சிறு விளையாட்டுகளை எழுதிப் பார்த்தார்கள். அதே கருவி 1985-இல் அமெரிக்காவுக்குப் போனபோது விசைப்பலகை கழன்றது, பூட்டு சேர்ந்தது.

அந்தப் பூட்டு இயங்கிய விதம் நுட்பமானது. கருவிக்குள் ஒரு சில்லு, உரிமம் பெற்ற ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதன் இணைச் சில்லு. மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒரே கணக்கைப் போடத் தொடங்கி, விடைகளை ஓயாமல் பரிமாறிக்கொள்ளும். விடை பிசகினாலோ எதிர்ப்பக்கம் பதில் இல்லாவிட்டாலோ, கருவிச் சில்லு நொடிக்கொரு முறை நுண்செயலியை முதலிலிருந்து தொடங்கச் செய்யும். திரை விட்டுவிட்டு மின்னும், விளையாட்டு தொடங்கவே தொடங்காது. கார்ட்ரிட்ஜின் தொடர்பு முனைகளில் தூசி படிந்தாலும் இதே கதிதான். சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவரும் இந்தப் பூட்டால் அலைக்கழிக்கப்பட்டார்.

பூட்டைத் திறக்க முயன்ற இரண்டு நிறுவனங்களுக்கு 1992-இல் அமெரிக்க நீதிமன்றங்கள் இருவேறு விடைகள் அளித்தன. அடாரி கேம்ஸ் நிறுவனம், வழக்குக்குத் தேவை என்று பொய்க்காரணம் காட்டிப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து நின்டெண்டோ பூட்டின் மூலநிரலைப் பெற்றிருந்தது. தீர்ப்பு அதற்குப் பாதகமானது. அக்கலேட் நிறுவனம், சேகாவின் கார்ட்ரிட்ஜ்களைக் கடையில் வாங்கி, அவற்றின் இயந்திர நிரலைப் பிரித்துப் படித்து, கருவி எதை எதிர்பார்க்கிறது என்று கண்டறிந்தது. அவ்வாறு கற்றறிவது நியாயமான பயன்பாடு என்று நீதிமன்றம் ஏற்றது. ஓர் இயந்திரத்தை வாங்கியவர் அது இயங்கும் விதத்தை ஆராய்ந்து அறியலாம் என்ற கொள்கைக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் தூணாக நிற்கிறது.

பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை உண்டு. கருவியை அடக்க விலைக்கோ அதற்கும் குறைவாகவோ விற்று, விளையாட்டு உரிமத்தில் ஈடுகட்டும் வணிகத்துக்குப் பூட்டு தேவை. திருட்டு நகலையும் கணினி நச்சுநிரலையும் அது தடுக்கிறது. ஆயினும் உரிமையாளரிடமே சாவி இல்லாத பூட்டு வேறு வகையைச் சேர்ந்தது. அதன் விளைவை பிளேஸ்டேஷன் 3 தெளிவாகக் காட்டியது. 2006-இல் விற்பனைக்கு வந்தபோது அதில் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவும் வசதியை சோனியே கொடுத்திருந்தது. அதை நம்பிப் பல்கலைக்கழகங்கள் கருவிகளை வாங்கி இணைத்து மீக்கணினி செய்தன. அமெரிக்க விமானப்படை 1,700-க்கும் மேற்பட்ட கருவிகளைக் கோத்து ஒன்றை அமைத்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த ஒரு புதுப்பிப்பு அந்த வசதியை அகற்றியது. புதுப்பிப்பை மறுத்தால் இணையவழி விளையாட்டு கிடையாது. விலை கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதி, விற்றவரின் கையால், வாங்கியவரின் வீட்டுக்குள்ளேயே பறிபோயிற்று. வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்து, சமரசத் தொகையில் முடிந்தன. போன வசதி திரும்பவில்லை.

இயங்குதளங்கள் எடுத்த முடிவுகள்

மேசைக் கணினியில் பூட்டு வரவில்லை. அங்கே நிரல்மொழி மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பீசியின் நிலை நினைவகத்திலும் பேசிக் இருந்தது. மைக்ரோசாஃப்டின் டாஸ் 5 பதிப்போடு 1991-இல் கியூபேசிக் வந்தது. கொரில்லாக்கள் கட்டடங்களின் மேல் நின்று வாழைப்பழம் எறியும் விளையாட்டு அதனுடனேயே மூலநிரலாகக் கிடைத்தது. இந்தியாவில் 1990-களில் கணினி பயின்ற பலருக்கும் அது நினைவிருக்கும். விண்டோஸ் 95-இல் கியூபேசிக் குறுந்தகட்டின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கிருந்தும் போயிற்று. ஆப்பிளின் மெக்கின்டாஷ் 1984-இல் நிரல்மொழி எதுவும் இல்லாமலே வந்தது. 1987-இல் பில் அட்கின்சன் உருவாக்கிய ஹைப்பர்கார்ட் மட்டும் விலக்கு. ஆசிரியர்களும் மருத்துவர்களும் தங்கள் வேலைக்கான சிறு மென்பொருள்களை அதில் தாங்களே செய்துகொண்டார்கள். 1993-இல் பெரும்புகழ் பெற்ற ‘மிஸ்ட்’ விளையாட்டும் அதில் உருவானதே.

கைப்பேசி வந்தபோது விளையாட்டுக் கருவியின் பூட்டு பொதுக் கணினிக்கும் மாற்றப்பட்டது. 2008 ஜூலையில் ஆப்பிள் தொடங்கிய செயலிக் கடை, ஐஃபோனில் எது ஓடலாம் என்பதை நிறுவனத்தின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது. ஸ்க்ராட்ச் என்ற கல்வி நிரல்மொழியில் குழந்தைகள் எழுதிய நிரல்களைத் திறந்து காட்டும் ஒரு செயலி 2010-இல் அந்தக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. செயலிக்குள் வேறு நிரல் ஓடக் கூடாது என்ற விதியே அதற்குக் காரணம். குழந்தையின் நிரலையும் தீங்கு செய்யும் நிரலையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாத விதி அது. அதே ஆண்டிலேயே விதி தளர்த்தப்பட்டது.

எதிர்த்திசையிலும் முடிவுகள் எடுக்கப்பட்டன. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கீழ் வந்ததால், அதை எவரும் படிக்கலாம், மாற்றலாம். இந்தியாவில் சீடாக் நிறுவனம் அதன்மேல் பாஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயில விண்ணப்பித்த மாணவர்களுக்கு முந்தைய தலைமுறையின் நிரலனுபவம் இல்லாததை எபென் அப்டனும் உடன் இருந்தோரும் கவனித்தனர். அதிலிருந்து பிறந்த ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பிபிசி மைக்ரோவின் ஏ, பி என்ற மாதிரிப் பெயர்களையே அது நன்றியோடு எடுத்துக்கொண்டது. அதன் நுண்செயலியும் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த ஆர்ம் வழிவந்தது. விளையாட்டு உலகத்தில் வால்வ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஸ்டீம் டெக் இன்னொரு சான்று. அது லினக்ஸில் ஓடுகிறது. விண்டோஸுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளின் அழைப்புகளை புரோட்டான் என்ற இடைமென்பொருள் லினக்ஸுக்கு ஏற்ப மாற்றிக் கொடுக்கிறது. 1993-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வைன் திட்டம்தான் அதன் அடித்தளம். ஸ்டீம் டெக்கை வாங்கியவர் ஒரு பொத்தானை அழுத்தி முழு மேசைக் கணினிச் சூழலுக்குப் போகலாம், அங்கே நிரல் எழுதலாம். கையடக்க விளையாட்டுக் கருவியைப் பூட்டில்லாமலும் விற்க முடியும் என்பது இதனால் உறுதிப்பட்டது.

விளையாட்டுக்கான படச் சில்லுகளின் கதை இதனினும் வியப்பானது. முப்பரிமாணக் காட்சிகளை வேகமாக வரையப் பிறந்தவை அவை. ஒரே கணக்கை ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் போடுவதே அவற்றின் வேலை. அந்த ஆற்றலைப் பொதுக் கணக்குக்கும் பயன்படுத்த என்விடியா 2007-இல் கூடா என்ற நிரலாக்க வழியைத் திறந்து கொடுத்தது. 2012-இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், கடையில் கிடைத்த இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டு அட்டைகளில் பயிற்றுவித்த நரம்பு வலையமைப்பு, படங்களை இனங்காணும் போட்டியில் மற்றவற்றைப் பெரிதும் விஞ்சியது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. விளையாட்டு வன்பொருளுக்கு நிரல் எழுதும் கதவு திறந்திருந்ததன் பலன் அது.

மொழி என்னும் தடை

விலை இறங்கி, பூட்டும் அகன்ற பின்னும் ஒரு தடை நிற்கிறது. பரவலாகப் புழங்கும் நிரல்மொழிகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களால் ஆனவை. இதை மாற்றும் முயற்சிகள் நெடுங்காலமாக நடந்துள்ளன. சோவியத் அறிஞர் ஆந்த்ரே யெர்ஷோவ் 1981-இல் நிரலாக்கத்தை இரண்டாம் எழுத்தறிவு என்று அறிவித்தார். 1985-இல் அங்கே எல்லாப் பள்ளிகளிலும் கணினியியல் பாடமானபோது, பாடநூல் ரஷ்யச் சொற்களாலான ஒரு வழிமுறை மொழியில் எழுதப்பட்டது. கணினியே இல்லாத பள்ளிகளில் மாணவர்கள் அதைத் தாளில் எழுதிப் பழகினார்கள். ரஷ்யாவின் 1சி கணக்கு மென்பொருளில் இன்றும் ரஷ்ய மொழியிலேயே நிரல் எழுதுகிறார்கள். அது பெருந்தொழிலாகவே நடக்கிறது.

வேறு சில முயற்சிகள் தோற்றன. தோற்ற விதத்தில்தான் கற்க வேண்டியது இருக்கிறது. எக்செல் மென்பொருளின் வாய்பாடுகளில் கூட்டலுக்கு ஜெர்மானியர் ‘சும்மே’ என்றும் பிரெஞ்சுக்காரர் ‘சோம்’ என்றும் எழுதுகிறார்கள். ஜெர்மனியில் செய்த கோப்பைப் பிரான்சில் திறந்தால் பிரெஞ்சுப் பெயர்கள் தெரியும். கோப்புக்குள் இருப்பது எந்த மொழியும் சாராத குறியீடு. திரையில் காட்டும்போதுதான் மொழி வருகிறது. இதே எக்செல் 1990-களில் தன் நிரல்மொழியையும் பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களில் கொடுத்துப் பார்த்து, 97-ஆம் பதிப்பில் ஆங்கிலத்துக்கே திரும்பியது. வாய்பாட்டு மொழியாக்கம் பிழைத்தது, நிரல் மொழியாக்கம் பிழைக்கவில்லை. நிரலின் சொற்களை எழுத்தாகவே மாற்றி வைத்தால் சமூகம் துண்டாகிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடிவதில்லை. காட்சி அளவில் மாற்றினால் அந்த இழப்பு நேர்வதில்லை.

எம்ஐடி 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் இந்த வழியில்தான் வெற்றி கண்டது. வண்ணக் கட்டங்களை அடுக்கி எழுதப்படும் அதன் நிரலை, பார்ப்பவர் தேர்ந்தெடுத்த மொழியிலேயே காணலாம். சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, ஐந்து நாடுகளின் ஸ்க்ராட்ச் பயனர்களை ஆராய்ந்தது. தம் நாட்டு மொழியில் கட்டங்களைக் கண்டவர்கள், ஆங்கிலத்தில் கண்டவர்களைவிட விரைவாகப் புதிய கருத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தாய்மொழியில் நிரலாக்கம் என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்குவோருக்கு இந்த ஆய்வில் விடை இருக்கிறது.

தமிழில் இத்துறையின் முன்னோடி முயற்சி, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில். கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் அந்த மொழியில் அச்சிடும் கட்டளை ‘பதிப்பி’, செயற்கூறு ‘நிரல்பாகம்’. எழிலின் சிறப்பு சொற்களைவிட அவற்றின் வரிசையில் இருக்கிறது. ஆங்கில வழிமொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே வரும், நிபந்தனை பின்னே வரும். எழிலில் நிபந்தனை முதலில் வந்து, ‘ஆனால்’ என்பது அதன் பின்னே நிற்கிறது. தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு இயல்பானது.

ஆயினும் சிறப்புச் சொற்கள் தடையின் சிறு பகுதியே. இன்றைய பைத்தானில் அவை 35. ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். அதற்கு அப்பால் மூன்று அடுக்குகள் உள்ளன. முதலாவது, நிரலாளர் தானே வைக்கும் பெயர்கள். பைத்தான் 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து தமிழ்க் குறிப்பெயர்களை ஏற்கிறது. ‘மொத்தம்’, ‘மதிப்பெண்’ என்று மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம், நிரல் ஓடும். கூகுள் 2009-இல் வெளியிட்ட கோ மொழியில் இது முடியாது. குறிப்பெயரில் எழுத்துகளும் எண்களும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. ஒருங்குறியில் தமிழின் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்து என்ற வகைக்குள் வைக்கப்படவில்லை, சார்ந்து நிற்கும் குறிகளாக வைக்கப்பட்டுள்ளன. எனவே ‘மொத்தம்’ என்ற சொல் அங்கே பிழை. ஒரு கூறினை வெளியார் பயன்படுத்த வேண்டுமானால் அதன் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது இன்னொரு விதி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. தமிழை ஒதுக்கும் எண்ணம் எவருக்கும் இருந்திருக்காது. வகுத்தவர்களின் கண் முன்னே தமிழ் இல்லை என்பதே நடந்தது. விளைவு இரண்டிலும் ஒன்றுதான்.

இரண்டாவது அடுக்கு, எழுத்துகளை மொழி கையாளும் விதம். ‘தமிழ்’ என்ற சொல்லில் மூன்று எழுத்துகள் என்பது முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பைத்தானிடம் அதன் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்கிறது. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளி முன்னே வந்து நிற்கும். ஸ்விஃப்ட் மொழி இதே சொல்லுக்கு மூன்று என்று சரியாகச் சொல்கிறது, ஏனென்றால் மனிதர் காணும் எழுத்தையே அதன் வடிவமைப்பாளர்கள் அலகாகக் கொண்டார்கள். பைத்தானில் தமிழ் எழுத்துகளைப் பிரித்துத் தர, எழில் திட்டத்தோடு வளர்ந்த ஓப்பன்-தமிழ் என்ற நிரல்தொகுப்பு உதவுகிறது. தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்றை எழுத முயலும் மாணவர் எவரும் முதல் மணி நேரத்திலேயே இந்தச் சிக்கலில் கால் வைப்பார்.

மூன்றாவது அடுக்கே கனமானது. பிழைச் செய்திகள், கையேடுகள், கேள்வி-பதில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பிலிப் குவோ 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாமல் நிரலாக்கம் கற்ற 840 பேர், 86 நாடுகளிலிருந்து விடை தந்தார்கள். பாடப்பொருளைப் படிப்பதும், பிறரோடு தொழில்நுட்ப விஷயங்களைப் பேசுவதும், ஆங்கிலத்தையும் நிரலாக்கத்தையும் ஒரே நேரத்தில் கற்பதும் தங்களுக்குத் தடையாக இருந்தன என்றார்கள். அவர்கள் விரும்பியவற்றுள் எளிய ஆங்கிலம், கூடுதல் படங்கள், ஒரு நாட்டின் பண்பாட்டை மட்டும் சாராத எடுத்துக்காட்டுகள் ஆகியவை இருந்தன.

தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பில் சி++ மொழியும் 12-ஆம் வகுப்பில் பைத்தானும் பாடம். தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடநூல் தமிழில் இருக்கிறது, விளக்கங்களும் கலைச்சொற்களும் தமிழில் உள்ளன. ஆய்வகத்தில் நிரலை ஓட்டியதும் நிலைமை மாறுகிறது. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால், வரியின் உள்தள்ளல் பிசகினால், கணினி ஆங்கிலத்தில் மட்டுமே குறை சொல்கிறது. உதவி மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் பாடநூலின் தமிழ் துணைக்கு வருவதில்லை. மாணவர் செய்தியைப் படிக்காமலே விட்டுவிட்டு, வரியை ஊகத்தால் மாற்றி மாற்றிப் பார்க்கிறார். இது அறிவுக் குறைவு இல்லை. கருவியின் குறை.

இதைத் திருத்துவது புதியதொரு நிரல்மொழியைப் படைப்பதைவிட எளிது. ஜாவாவின் தொகுப்பி ஜப்பானிய, சீன மொழிகளில் பிழைச் செய்தி தருகிறது. குனூவின் சி தொகுப்பியும் செய்திகளைத் தனிக் கோப்புகளில் வைத்து, பல மொழிகளில் பெயர்த்துக்கொள்ள வழி செய்கிறது. பைத்தானில் தொடக்க மாணவர் சந்திக்கும் பிழை வகைகள் மிகச் சில. பெயர் வரையறுக்கப்படவில்லை, உள்தள்ளல் தவறு, எண்ணையும் சரத்தையும் கூட்ட முடியாது, பட்டியலின் எல்லை தாண்டியது என்று பெரும்பாலும் இவையே திரும்பத் திரும்ப வரும். மூலச் செய்தியை அப்படியே காட்டி, அதன் கீழே தமிழ் விளக்கம் ஒன்றைச் சேர்க்கும் சிறு நிரலைப் பள்ளி ஆய்வகக் கணினிகளில் நிறுவிவிட முடியும். ஆங்கிலச் செய்தியும் கூடவே இருப்பதால், மாணவர் நாளடைவில் அதையும் அறிந்துகொள்வார், உலகச் சமூகத்திலிருந்து துண்டிக்கப்படவும் மாட்டார். தமிழ் நிரலாக்கத்துக்குச் செலவிடப்படும் ஆர்வத்தில் பெரும் பங்கு இந்தத் திசைக்குத் திரும்புவது நல்லது.

இப்போது உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் பிழைச் செய்தியைக் கொடுத்துத் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். விளக்கம் பெரும்பாலும் பயன்படுகிறது, சில வேளைகளில் தவறுகிறது. அவற்றிலும் தமிழுக்கு ஒரு சுமை உண்டு. ஒருங்குறியின் பரவலான சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டுகள். இக்கருவிகள் உரையைத் துண்டுகளாக்கிப் படிக்கும்போது, ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் கூடுதல் துண்டுகளாகச் சிதறுகிறது. துண்டுகளின் எண்ணிக்கைக்குத்தான் நேரமும் கட்டணமும். புதிய மாதிரிகளில் இந்த இடைவெளி குறைந்து வருகிறது. எடைகள் திறந்து வெளியிடப்படும் சிறிய மாதிரிகளை, விளையாட்டுக்காக வாங்கிய படச் சில்லு அட்டை உள்ள வீட்டுக் கணினியிலேயே இணையம் இன்றி ஓட்டலாம். அவற்றைத் தமிழ்ப் பிழை விளக்கங்களால் பயிற்றுவிக்கவும் அதே அட்டை போதுமானது.